மார்கோனி கேட்டது 1910-ல், முடிந்தது 1927-ல்: நடுவில் பிரிட்டிஷ் அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

தந்திமரம்:

ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற கேள்வி, விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1901 டிசம்பரிலேயே இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து கிளம்பிய கம்பியில்லாத் தந்தி சிக்னலை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் உட்கார்ந்து மார்கோனி பிடித்துவிட்டார். 1907-ல் அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் நடுவே கட்டணம் வாங்கிக்கொண்டு தந்தி அனுப்பும் சேவையே தொடங்கிவிட்டது. 1910 மார்ச்சில் அவருடைய கம்பெனி காலனி அலுவலகத்துக்குப் போய், சாம்ராஜ்யம் முழுக்க 18 நிலையங்கள் கட்டித் தருகிறோம், மூன்றே வருஷம் போதும், அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறது.

அங்கிருந்து இந்தியாவுக்கு லண்டனோடு நேரடி கம்பியில்லாத் தந்தி வந்தது 1927 செப்டம்பரில். பதினேழு வருஷம்! அப்போது உலகத்திலேயே பெரிய கடற்படையும் பெரிய கருவூலமும் வைத்திருந்த அரசாங்கம் இது.

எங்கே தேடினாலும் "மார்கோனி ஊழல்" என்று ஒரே பதில்தான் கிடைக்கிறது. மந்திரிகள் ஷேர் வாங்கினார்கள், மாட்டிக்கொண்டார்கள், திட்டம் படுத்துவிட்டது என்று. ஒரு ஊழலுக்காக ஒரு திட்டம் பதினேழு வருஷம் படுக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் ஒரு கிளைக்கேள்வி: முதல் திட்டத்தில் பூனாவும் சிங்கப்பூரும் இருந்தன. அவை நேரத்துக்கு வந்திருந்தால் 1914-ல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் வரை வந்து குண்டு போட்டிருக்க முடியுமா?

கோப்புப்புழு:

நல்ல சந்தேகம். ஊழலைப் பற்றி எல்லோரும் எழுதுவதற்குக் காரணம் அதில் மசாலா இருப்பதுதான். தாமதக் கணக்கில் அதன் பங்கு ஏறக்குறைய ஒரு வருஷம், அவ்வளவுதான். தேதிகளைப் பாருங்கள்.

1910-ல் கேட்டதை அரசு மறுத்தது. தனியார் கம்பெனி கையில் சாம்ராஜ்யத்தின் தொடர்பு போகக்கூடாது, அரசே சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சாம்ராஜ்ய நாட்டு அரசுகள் கூடிய 1911 இம்பீரியல் மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். சரி, அரசே கட்டட்டும் என்றால் தபால் துறைக்கு அந்தத் தொழில் கைவரவில்லை. கடைசியில் மறுபடி மார்கோனியிடமே வந்து, 1912 மார்ச்சில் டெண்டரை ஏற்று, ஜூலை 19-ல் ஒப்பந்தம் போட்டார்கள். இங்கிலாந்து, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, சிங்கப்பூர் என்று ஆறு இடம். நிலையத்துக்கு 60,000 பவுண்டு, மேலே மொத்த வருமானத்தில் 10 சதவீதம் ராயல்டி, அதுவும் 28 வருஷத்துக்கு. ஊழல் பேச்சே இல்லாமலும் இந்த 28 வருஷ ராயல்டிக்காகவே பார்லிமெண்டில் பலர் பல்லைக் கடித்தார்கள்.

இப்போது அந்த மசாலா. மார்கோனி கம்பெனியின் நிர்வாக இயக்குநர் காட்ஃப்ரி ஐசக்ஸ். அட்டர்னி ஜெனரல் ரூஃபஸ் ஐசக்ஸ் அவருடைய சொந்த அண்ணன். டெண்டரை ஏற்று ஒப்பந்தம் இன்னும் போடாமல் இருந்த அந்த இடைவெளியில், 1912 ஏப்ரலில், ரூஃபஸ் அமெரிக்க மார்கோனி கம்பெனியின் பங்குகள் 10,000 வாங்கி, அதில் ஆயிரம் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கும் ஆயிரம் கட்சிக் கொறடாவுக்கும் கொடுத்தார். அக்டோபரில் சபையில் கேள்வி வந்தபோது எழுந்து என்ன சொன்னார் என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம்: "அந்தக் கம்பெனி"யின் பங்குகளில் எங்களுக்கு எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்றார். அந்தக் கம்பெனி என்றால் பிரிட்டிஷ் மார்கோனி. அமெரிக்க மார்கோனி பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் பொய் சொல்லவில்லை, அவ்வளவு சுத்தம். 1913-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை மீது போட்ட அவதூறு வழக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. இத்தனைக்கும் லாயிட் ஜார்ஜுக்கு அந்த வியாபாரத்தில் நஷ்டம்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவே 1913 ஜூலை கடைசியில் திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பார்க்கர் பிரபு தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டு வேறு யாராலாவது முடியுமா என்று விசாரித்ததில், நெடுந்தூரத் தொடர்பை நடைமுறையில் தொடர்ந்து நடத்திக் காட்டியவர்கள் மார்கோனிக்காரர்கள் மட்டும்தான் என்று அறிக்கை வந்தது. ஆக 1912 ஜூலையில் நின்ற இடத்துக்கே 1913 ஜூலையில் திரும்பி வந்தார்கள். மீதி பதினாறு வருஷத்துக்கு ஊழலைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அந்த ரூஃபஸ் ஐசக்ஸ்தான் பின்னால் ரீடிங் பிரபுவாகி 1921 முதல் 1926 வரை இங்கே வைஸ்ராயாக இருந்தவர். அவர் பதவிக்காலம் முழுக்க இந்தியாவுக்கு லண்டனோடு நேரடி வயர்லெஸ் வரவில்லை.

சிற்றலை வேலு:

அரசியல் பக்கத்தைக் கோப்புப்புழு அண்ணன் பிரமாதமாகச் சொல்லிவிட்டார், நான் ரேடியோ பக்கத்திலிருந்து கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன். எனக்கென்னவோ இந்தத் தாமதம் பிரிட்டிஷ்காரர்களுக்கு அடித்த லாட்டரி என்றுதான் படுகிறது.

1912-ல் கட்டியிருந்தால் என்ன கட்டியிருப்பார்கள்? பல ஆயிரம் மீட்டர் அலைநீளம், தீப்பொறி விட்டு ஓட்டும் டிரான்ஸ்மிட்டர், அதற்கு ஒரு மின்நிலையம், ஏரியலைத் தாங்க ஆகாசத்தைத் தொடும் மாஸ்ட்டுகள் (கோபுரக் கம்பங்கள்). பத்தே வருஷத்தில் அத்தனையும் பழைய இரும்பு. நீண்ட அலையில் தூரம் போக வேண்டுமென்றால் பவரை ஏற்றுவதும் ஏரியலைப் பெரிதாக்குவதும் தவிர வேறு வழி கிடையாது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள், மார்கோனியும் சேர்த்து. ஆக்ஸ்போர்டுஷயரில் லீஃபீல்டு, கெய்ரோவுக்குப் பக்கத்தில் அபு ஸபால், இந்த இரண்டு நிலையங்கள்தான் அந்தப் பழைய திட்டத்தில் ஒருவழியாக உயிரோடு வந்தவை. இரண்டுக்கும் நடுவே சேவை திறந்தது 1922 ஏப்ரலில். லீஃபீல்டில் போட்டது 250 கிலோவாட் ஆர்க், அதாவது மின்வில்லில் ஓடும் டிரான்ஸ்மிட்டர். அதில் லண்டன் செய்தி கெய்ரோ வரை போகும், அதற்கு மேல் அங்கே ஒருவர் எடுத்து மறுபடி அனுப்ப வேண்டும். 1920-ல் அரசு போட்ட நார்மன் கமிட்டி சொன்னதும் இதே அஞ்சல் ஓட்டம்தான்: 2,000 மைலுக்கு ஒரு நிலையம், இங்கிலாந்திலிருந்து எகிப்து, அங்கிருந்து ஒரு கிளை ஆப்பிரிக்காவுக்கு, இன்னொரு கிளை இந்தியா, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஆஸ்திரேலியாவுக்கு.

ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் 1921 மாநாட்டில் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? 1918 செப்டம்பரிலேயே வேல்ஸில் இருந்த மார்கோனி நிலையத்திலிருந்து அவருடைய செய்தியே ஒரே தாவலாக சிட்னிக்குப் பக்கத்தில் வரூங்கா வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. என் செய்தியை ஐந்தாறு பேர் கைமாற்றி அனுப்ப வேண்டாம், நேராகப் பேச வேண்டும் என்றார். லண்டன் இழுத்தடித்ததும் 1922-ல் ஏ.டபிள்யூ.ஏ. என்ற ஆஸ்திரேலிய வயர்லெஸ் கம்பெனியில் 500,001 பங்கை, அதாவது பாதிக்கு மேல் சரியாக ஒரே ஒரு பங்கை, அரசுப் பணத்தில் எடுத்துத் தனியாகக் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குள்தான் சிற்றலை வந்தது. 1923-ல் மார்கோனி தன் எலெட்ரா கப்பலை ஓட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவின் மேற்கே கேப் வெர்டே தீவுகள் வரை போகிறார். போல்டுவில் பிராங்க்ளின் என்ற இன்ஜினியர் 97 மீட்டர் அலையில் 12 கிலோவாட் மட்டும் வைத்துக்கொண்டு அனுப்புகிறார், கப்பலில் கணீரென்று கேட்கிறது. 1924 மே 30-ல் போல்டுவிலிருந்து சிட்னிக்கு மனிதக் குரலே போய்விட்டது. அந்த ஜூலையில்தான் தபால் துறை கனடா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா நான்கு இடத்துக்கும் பீம் நிலையங்கள் கட்ட மார்கோனியோடு ஒப்பந்தம் போடுகிறது. ஏரியல் கம்பிகளை வரிசையாகத் திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டு, பின்னால் இன்னொரு திரையைப் பிரதிபலிப்பானாக வைத்து, அலையை ஒரே திசையில் தள்ளுவார்கள். லீஃபீல்டு தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, செலவும் அந்த ரகத்தில்தான்.

1912 திட்டம் முழுதாக நிறைவேறியிருந்தால் அந்தப் பழைய நிலையங்களுக்குக் கொட்டிய காசைக் காப்பாற்றவே சிற்றலையை இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போட்டிருப்பார்கள். அதனால் இழுத்தடித்தது நல்லதுக்குத்தான் என்பேன், திட்டாதீர்கள்.

மோர்ஸ் மாமா:

வேலு தம்பி, திட்டத்தான் போகிறேன். அவர்கள் சிற்றலை வரும் என்று தெரிந்து காத்திருக்கவில்லை. 1914-ல் இருந்தவனுக்கு 1924-ல் வரப்போகிற கருவி சமாதானம் ஆகாது, நடுவில் ஒரு உலகப்போரே நடந்திருக்கிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். பிரிட்டனுக்கு உலகம் பூராவும் கடலடி கேபிள் இருந்தது, மெட்ராஸிலிருந்து பினாங்குக்கே 1871-ல் கேபிள் வந்தாயிற்று. ஜெர்மனிக்கு அந்த வசதி கிடையாது, இருக்கும் கேபிளையும் சண்டை வந்தால் பிரிட்டன் அறுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பெர்லினுக்குப் பக்கத்தில் நாவனில் பெரிய நிலையம், மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோலாந்தில் காமினா என்று ஒரு காட்டுக்குள் இன்னொன்று, தென்மேற்கு ஆப்பிரிக்காவில் விண்ட்ஹூக் என்று சத்தம் போடாமல் கட்டிவிட்டார்கள். போர் அறிவித்த மறுநாளே, ஆகஸ்ட் 5-ல், பிரிட்டன் கேபிளை அறுத்தது. அறுத்த பிறகும் பெர்லின் ஆப்பிரிக்காவோடு பேசிக்கொண்டிருந்தது. அந்தக் காமினாவைப் பிடிக்கப் படை அனுப்ப வேண்டி வந்தது. கையில் சிக்கக்கூடாதென்று ஜெர்மானியர்களே ஆகஸ்ட் கடைசியில் மாஸ்ட்டுகளைச் சாய்த்து இயந்திரங்களை உடைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை 1913-ல் ஆர்லிங்டனில் தொடங்கி 1917-க்குள் பனாமா, பேர்ல் ஹார்பர், பிலிப்பைன்ஸ் வரை போய்விட்டது. தொழில்நுட்பம் இல்லை என்று இவர்கள் யாரும் காத்திருக்கவில்லையே.

பிரிட்டன் என்ன செய்தது? லீஃபீல்டிலும் அபு ஸபாலிலும் வேலை பாதியில் நிற்கும்போது, 1914 டிசம்பர் கடைசியில், மார்கோனி ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. போர் நடக்கும்போது தகவல் தொடர்பு ஒப்பந்தத்தை ரத்து செய்த புண்ணியவான்கள். கம்பெனி வழக்குப் போட்டது, 1919-ல் சுமார் 6 லட்சம் பவுண்டு நஷ்டஈடு வாங்கியது. ஆறு நிலையமும் முழுதாகக் கட்ட ஒப்பந்த விலை எவ்வளவு? 60,000 ஆறு தரம், 3,60,000. கட்டாமல் இருந்ததற்குக் கொடுத்த பணம் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிட அதிகம். இதை லாட்டரி என்கிறீர்களா?

எம்டன் விஷயம். தந்திமரம் தம்பி, பூனாவில் நிலையம் இருந்திருந்தாலும் எம்டன் மெட்ராஸுக்கு வந்திருக்கும். அந்தச் சங்கிலி நாட்டுக்கு நாடு பேசுவதற்கு, நடுக்கடலில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று அது சொல்லாது. உண்மையில் எம்டனுக்கு வயர்லெஸ்ஸால் லாபம்தான், சரக்குக் கப்பல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதை உட்கார்ந்து கேட்டே பாதி வேட்டையை ஆடியது. செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பர்மா ஆயில் டேங்குகள் கண்ணுக்கு முன்னால் நின்றன, வேறென்ன வேண்டும்.

ஆனால் எம்டன் செத்தது ஒரு சின்ன வயர்லெஸ் நிலையத்தால். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் கேபிள் நிலையத்தை நாசம் பண்ண ஆட்களை இறக்கினார்கள். அவர்கள் கரை சேர்வதற்குள் அங்கிருந்த ஆபரேட்டர் தந்திச் சாவியைத் தட்டி, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று அபாயச் செய்தி விட்டுவிட்டான். எம்டன் இரைச்சல் போட்டு அமுக்கப் பார்த்தது, முடியவில்லை. சுமார் ஐம்பது மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் கேட்டுத் திரும்பியது, அத்தோடு கதை முடிந்தது. மாஸ்ட்டை வெட்டிச் சாய்க்கப் போன ஜெர்மானியர்களிடம் அங்கிருந்த ஊழியர்கள், ஐயா டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்களாம், அவர்களும் மரியாதையாகத் தள்ளி வீழ்த்தினார்கள். மாற்றுக் கருவிகளை முன்கூட்டியே மண்ணில் புதைத்து வைத்திருந்ததால் சீக்கிரமே லைனும் ஓடியது. தபால் துறை மேலிடத்துக்கு இல்லாத சமயோசிதம் கடைக்கோடித் தீவில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருந்தது.

தந்திமரம்:

மோர்ஸ் மாமா சார், அந்த 3,60,000 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் போர் முடிந்தது 1918-ல். அப்புறமும் ஆறு வருஷம் ஏன்? 1919-லிருந்து 1924 வரைக்கும் போரும் இல்லை, ஷேர் ஊழலும் இல்லை. சிற்றலை 1923-ல்தான் வருகிறது, அதனால் அதையும் காரணமாகச் சொல்ல முடியாது.

கோப்புப்புழு:

இந்த ஆறு வருஷத்தில்தான் உண்மையான வியாதி வெளியே தெரிகிறது தம்பி. 1911-ல் தீர்த்துவிட்டதாக நினைத்த "யாருக்குச் சொந்தம்" என்ற கேள்வியை ஒவ்வொரு கமிட்டியும் புதிதாகத் தோண்டி எடுத்தது. நார்மன் கமிட்டி அரசே கட்டட்டும் என்றது. 1923 மார்ச்சில் போனர் லா அரசு, சரி, தனியாருக்கும் உரிமம் தருகிறோம் என்று அறிவித்தது. அதை வைத்து மார்கோனி கம்பெனியும் தபால் துறையும் யாருக்கு எந்த நாட்டுப் போக்குவரத்து என்று பங்கு பிரிக்க உட்கார்ந்தன, மாதக்கணக்கில் பேசியும் படியவில்லை. 1924-ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் டொனால்டு கமிட்டி. அது மறுபடி, சாம்ராஜ்யத்தோடு பேசுகிற நிலையங்கள் அரசிடமே இருக்கட்டும் என்றது.

ஆட்கள் மாறிய வேகத்தையும் பாருங்கள். 1922 அக்டோபரிலிருந்து 1924 நவம்பருக்குள் தபால் துறை மந்திரியான போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் நாற்காலியில் நெவில் சேம்பர்லின், ஜாய்ன்சன்-ஹிக்ஸ், வொர்திங்டன்-எவன்ஸ், ஹார்ட்ஷார்ன் என்று நான்கு பேர். அவர்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த கெல்லவே பதவி போனதும் நேரே மார்கோனி கம்பெனிக்குப் போய், காட்ஃப்ரி ஐசக்ஸுக்கு அடுத்த நிர்வாக இயக்குநராகவே உட்கார்ந்துவிட்டார். இதற்கு எந்தப் பார்லிமெண்ட் விசாரணைக் குழுவும் போட்டதாகத் தெரியவில்லை!

தபால் துறை சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது, ரக்பியில் 820 அடி உயரத்துக்குப் பன்னிரண்டு மாஸ்ட் நட்டு நீண்ட அலை நிலையம் கட்டி 1926 ஜனவரி 1-ல் திறந்தார்கள். பீம் ஒப்பந்தம் போட்டு ஒன்றரை வருஷம் கழித்து. வேலு தம்பி சொன்ன "கொட்டிய காசைக் காப்பாற்றுவது" அவர்கள் ரத்தத்திலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடலில் போகும் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி விட ரக்பி ரொம்பக் காலம் உபயோகப்பட்டது, அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிற்றலை வேலு:

மாமா, அந்த நஷ்டஈட்டுக் கணக்குக்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 1924 ஜூலையில் கையெழுத்து, 1926 அக்டோபரில் கனடா, 1927 ஏப்ரலில் ஆஸ்திரேலியா, ஜூலையில் தென்னாப்பிரிக்கா, செப்டம்பரில் இந்தியா. முடிவெடுத்த பிறகு மூன்று வருஷம்தானே ஆயிற்று? 1910-ல் மார்கோனி கேட்டதும் அதே மூன்று வருஷம்தான். அப்படியானால் கட்டுகிற வேலை எந்தக் காலத்திலும் பிரச்சினையாக இருக்கவில்லை.

மோர்ஸ் மாமா:

அதைத்தான் நானும் சொல்கிறேன், சண்டை முடிந்தது.

அந்த 1924 பீம் ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 100 வார்த்தை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், இந்தியாவுக்கு என்றால் நாளுக்குச் சராசரி 12 மணி நேரம், ஆஸ்திரேலியாவுக்கு 7 மணி நேரம். ஏழு நாள் சோதனையில் இதைச் செய்து காட்டினால்தான் நிலையத்தை ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். 100 வார்த்தை என்பது இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். கையால் சாவி தட்டினால் நல்ல ஆபரேட்டருக்கே இருபது, இருபத்தைந்து. அதனால் செய்தியை முதலில் தட்டச்சு மாதிரி இயந்திரத்தில் அடித்துக் காகித நாடாவில் துளை போட்டு, அந்த நாடாவை டிரான்ஸ்மிட்டருக்குள் ஓடவிடுவார்கள். அந்தப் பக்கம் மை நாடாவில் கோடு கோடாக விழும், அதைப் படித்துத் தட்டச்சு செய்ய வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியாவில் அனுப்புவது கிர்க்கியில், வாங்குவது தோண்டில், இரண்டும் பூனா பக்கம். 1912 திட்டத்தில் குறித்த அதே பூனா.

தந்திமரம்:

கடைசிக் கேள்வி, இதோடு விட்டுவிடுகிறேன். இத்தனை சண்டை போட்டு அரசுக்கே சொந்தம் என்று கட்டினார்களே, அப்புறம் அரசே ஓட்டியதா?

கோப்புப்புழு:

இரண்டு வருஷத்துக்கு. பீம் கட்டணம் கேபிளைவிடக் குறைவு, அதனால் கேபிள் கம்பெனிகளின் வியாபாரம் மளமளவென்று சரிந்தது. கேபிளில் அரசுகளின் பணமும் இருந்தது, பசிபிக் கேபிள் பல அரசுகள் சேர்ந்து போட்டது. அதைவிட முக்கியமாக, போர் வந்தால் கேபிள் வேண்டும், வயர்லெஸ்ஸை எதிரி ஒட்டுக்கேட்பான் என்ற பயம். 1928 ஜனவரியில் இன்னொரு மாநாடு கூடி எல்லாவற்றையும் ஒரே கம்பெனியாக இணைக்கச் சொன்னது. 1929-ல் அந்தக் கம்பெனி வந்தது, 1934-ல் கேபிள் அண்ட் வயர்லெஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தபால் துறை தன் பீம் நிலையங்களை அந்தத் தனியார் கம்பெனிக்கு வருஷம் 2,50,000 பவுண்டு வாடகைக்கு, 25 வருஷத்துக்கு விட்டது. 1947-ல் கம்பெனியையே அரசு வாங்கிவிட்டது, அது தனிக்கதை, வேண்டுமானால் புது இழை திறவுங்கள்.